மாஸ் எஃபெக்ட் 2: மிராண்டாவின் விசுவாசம் போய்விட்டது, மீட்க முடியுமா?

வீடியோ கேமின் 2010 பிசி பதிப்பு, கதாநாயகன் சோல்ஜர் கிளாஸ் (போர்வீரர் வகை), லெவல் 24. என் குழுவில் உள்ள மிராண்டா, ஜாக் இருவரின் விசுவாச மிஷன்களும் (அவர்கள் நம்பிக்கையைப் பெறும் பணிகள்) முடிந்ததும் கப்பலில் சண்டை மூண்டது. இருவரையும் சமாதானப்படுத்தும் நீல நிற உரையாடல் வரி தேர்வு செய்ய முடியாமல் மங்கிக் கிடந்தது. ஜாக் பக்கம் பேசியதில் மிராண்டா முகம் திருப்பிக்கொண்டாள். பிறகு அவள் அறையிலும் அந்த வரி திறக்கவில்லை.

எலிமென்ட் ஜீரோ (விளையாட்டில் சேகரிக்கும் தாது) செலவழித்து திறன் புள்ளிகளை மாற்றி, பாரகன் (நல்வழி), ரெனிகேட் (முரட்டு வழி) புள்ளிகளைக் கூட்டும் கிளாஸ் திறனை நாலாம் படிக்கு ஏற்றியாயிற்று. பழைய சேவ் இல்லை. நீல வரி திறப்பதில் மொத்தப் புள்ளியல்ல, அதுவரை கிடைத்திருக்கக்கூடியதில் எவ்வளவு பங்கு சேர்த்தோம் என்பதுதான் கணக்கு. பாரகன், ரெனிகேட் இரண்டு படகிலும் கால் வைத்ததே வினை!

பாரகன் பட்டை முக்கால்வாசி. கதையை நகர்த்தும் ரீப்பர் ஐஎஃப்எஃப் என்ற கருவியை இன்னும் எடுக்கவில்லை. குழுவில் உள்ள தேன் (Thane), சமாரா ஆகியோரின் விசுவாச மிஷன்கள் பாக்கி.

அந்த நீல வரி திறக்க, இவற்றில் எதை முதலில் முடிக்க வேண்டும்?