புது டோர் ஸ்பீக்கர்: 40 மணி நேரம் ஓட்டினால்தான் பேஸ் வருமா?

கேத்திக்காரன்:
முன் டோர் ரெண்டிலும் ஆறரை இஞ்ச் காம்போனென்ட் ஸ்பீக்கர் (பேஸுக்கு ஊஃபர், கீச்சு சத்தத்துக்கு ட்வீட்டர்னு தனித்தனி) புதுசா மாட்டியிருக்கு. தனி ஆம்ப்ளிஃபையர் இல்லை, ஸ்டீரியோவிலிருந்தே நேர் வயர். சத்தம் தகரமா இருக்கு, பேஸ் சுத்தமா இல்லை. மாட்டின கடையில் "40 மணி நேரம் பாதி வால்யூமில் ஓட்டுங்க, தானா இளகிடும்"னு சொல்றாங்க. நிஜமா? இன்னொண்ணு, காலையில் ஊட்டி பக்கத்து கேத்தியில் வண்டி எடுக்கும்போது ரொம்ப மோசம். மலையில் கீழே இருக்கிற பர்லியாறு இறங்கினா கொஞ்சம் தேவலாம். ஸ்பீக்கரே கோளாறா?

ஓம்ஸ் விதி:
இளகும்ங்கிறது உண்மை, 40 மணி நேரம்ங்கிறது மிகை. கோனை, அதாவது ஆடி சத்தம் தர்ற கூம்பை, தாங்குறது ரெண்டு: விளிம்பில் ரப்பர் சரவுண்ட், உள்ளே கோனை ஆட்டுற கம்பிச்சுருளான காயிலைச் சுத்தி மடிப்பு மடிப்பா ஸ்பைடர். ஸ்பைடர்ங்கிறது ரெசின் ஏத்தி அழுத்தின துணி. புதுசில் விறைப்பா இருக்கும், கோன் நல்லா ஆடினதும் விட்டுக்கொடுக்கும். ரெசனன்ஸ் (கோன் இயல்பா அதிர்ற அலைவெண்) சில ஹெர்ட்ஸ் இறங்கும். அதில் பெரும்பகுதி ஆரம்பத்திலேயே முடிஞ்சிடும், காதுக்குத் தெரியுற வித்தியாசம் கொஞ்சம்தான். இல்லாத பேஸை இது கொண்டுவராது.

ஆனாலும் செய்யணும்னா: ஈக்வலைசர் எல்லாம் பூஜ்யம், லவுட்னஸ் ஆஃப், ஹை பாஸ் (ரொம்பக் கீழ் ஒலியை வெட்டுற ஃபில்டர்) 80 ஹெர்ட்ஸ், சரிவு ஆக்டேவுக்கு 12 டெசிபல். நடுத்தர வால்யூமில் எல்லா வகைப் பாட்டும் கலந்து மூணு நாலு மணி நேரம், வண்டி ஓடும்போதே. நிறுத்தி வெச்சு ஓட்டினா பேட்டரிதான் இளகும். 20, 30 ஹெர்ட்ஸ் டோனைப் போட்டு கோனைக் குதிக்க விடாதீங்க. காயில் பின்தட்டில் முட்டும்.

பனிக்காலம்:
காலைத் தொல்லைக்குக் காரணம் குளிர். ரப்பர் குளிர்ல விறைக்கும், ரெசனன்ஸ் மேல ஏறும், பேஸ் மெலியும். உள்ளே சூடேறினா சரியாகும். அதுவரை வால்யூமை ஏத்தாதீங்க. ஸ்டீரியோ மேல "50 வாட் x 4"னு எழுதியிருக்கிறது உச்ச அளவு. சுத்தமா வர்றது சேனலுக்கு 15-20 வாட்தான். அதைத் தாண்டினா கிளிப் ஆகும் (ஒலி அலையின் உச்சி வெட்டுப்படும்), முதல்ல கருகுறது ட்வீட்டர்.

உயரமும் ஒரு காரணம். ஊட்டி 2240 மீட்டர். காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கோன் அதே அளவு ஆடினாலும் சத்தம் ரெண்டு டெசிபல் போலக் குறையும். இது கோளாறு இல்லை.

டோர் பேட்:
ரெண்டு பேரும் அடிப்படையை விட்டுட்டீங்களே. பேஸ் "சுத்தமா இல்லை"ன்னா முதல் சந்தேகம் போலாரிட்டி, அதாவது ப்ளஸ் மைனஸ் வயர் மாறியிருக்கா. பேலன்ஸை நடுவில் வெச்சுக் கேளுங்க, பிறகு ஒரே பக்கம் தள்ளிக் கேளுங்க. நடுவில் வைக்கிறப்ப பேஸ் குறைஞ்சா ஒரு டோரில் வயர் மாறியிருக்கு. உறுதி செய்ய, ஊஃபர் வயரைக் கழட்டிட்டு 1.5 வோல்ட் செல்லை ப்ளஸ்ஸுக்கு ப்ளஸ்ஸா ஒரு நொடி தொடுங்க. கோன் வெளியே வரணும். ட்வீட்டரில் இதைச் செய்யாதீங்க.

அடுத்து ஸ்பீக்கருக்கும் தகரத்துக்கும் நடுவில் இடைவெளி. முன்பக்கச் சத்தத்தைப் பின்பக்கச் சத்தம் தின்னுடும். அடாப்டர் ரிங், சுத்தி ஃபோம் டேப் போடணும். ஸ்க்ரூவை எதிரெதிரா, கை இறுக்கத்தில் முடுக்குங்க. ஒரு பக்கம் அதிகம் இழுத்தா ஃப்ரேம் கோணும், காயில் உரசிக் கரகரன்னு கேட்கும். மலை ரோட்டில் ஒரு வாரம் ஓடினதும் திரும்ப ஒருமுறை பாருங்க.

கேத்திக்காரன்:
நன்றிண்ணா, வலது டோரில் வயர் மாறியிருந்தது. மாத்தினதும் பேஸ் வந்துடுச்சு. டோர் பேடை (உள்பக்க மூடியை) கழட்டினப்ப உள்ளே பிளாஸ்டிக் ஷீட் கிழிஞ்சிருக்கு. செலோ டேப் போதுமா?

டோர் பேட்:
போதாது, ஈரத்தில் உரிஞ்சிடும். கண்ணாடி ஓரமா இறங்குற மழைத் தண்ணி அந்த ஷீட்டால்தான் டோர் அடி ஓட்டை வழியா வெளியே போகுது. கிழிசல் இருந்தா பேடும், ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் ஒலியைப் பிரிக்கிற க்ராஸ்ஓவரும் நனையும். ப்யூட்டைல் டேப் (பிசின் மாதிரி ஒட்டுற ரப்பர் டேப்) வாங்குங்க, ஒட்டுற இடத்தை ஸ்பிரிட்டால் துடைச்சிட்டு, காலைப் பனி காய்ஞ்ச பிறகு மதிய வெயிலில் ஒட்டுங்க. வெயில் இல்லாத நாள்னா ஹேர் டிரையர். டோர் அடி ஓட்டைகளை மட்டும் மூடிடாதீங்க.