காரிலேயே 50 யூனிட் இருக்கும்போது வீட்டுக்குத் தனி பேட்டரி எதற்கு?

மாடிவெயில்:
மூன்று வருடமாக மாடியில் 5 கிலோவாட் பேனல் ஓடுகிறது. பேட்டரி இல்லாத ஆன்கிரிட் இன்வெர்ட்டர் (மின்வாரிய லைனோடு சேர்ந்து மட்டும் ஓடுவது). நல்ல வெயில் நாளில் 20 யூனிட் வரை வருகிறது. அடுத்த மாதம் எலக்ட்ரிக் கார் வருகிறது, அதன் பேட்டரி 50 யூனிட் (கிலோவாட் ஹவர் என்றாலும் யூனிட் என்றாலும் ஒன்றுதான், சுருக்கமாக யூனிட் என்றே எழுதுகிறேன்). பேனல் போட்டுக் கொடுத்தவர் இதுதான் சமயம், 10 யூனிட்டில் வீட்டு பேட்டரி ஒன்றையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள் என்று விடாமல் கேட்கிறார். எனக்குப் புரியவில்லை. அதைப் போல ஐந்து மடங்கு பெரிய பேட்டரி வாசலில் சக்கரம் வைத்து நிற்கப் போகிறது. பகலில் மிச்சமாகும் மின்சாரத்தைக் காரில் ஏற்றினால் முடிந்தது. தனி பேட்டரி வெட்டிச் செலவு என்பது என் கட்சி. தவறு என்றால் கணக்கோடு சொல்லுங்கள், "எதற்கும் இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இரவுச்சுற்று:
நான் எதிர்க்கட்சி. ஒரே கேள்வி: மதியம் 12 மணிக்கு உங்கள் கார் எங்கே நிற்கும்? காலையில் ஆபீசுக்கு எடுத்துப் போய் இரவு ஏழு மணிக்குத் திரும்புகிறீர்கள் என்றால் வெயில் இருக்கும்போது கார் இல்லை, கார் இருக்கும்போது வெயில் இல்லை. 50 யூனிட் இருந்து என்ன, 500 இருந்து என்ன?

மாடிவெயில்:
வாரத்தில் மூன்று நாள்தான் ஆபீஸ். மற்ற நாள் கார் வீட்டில்தான் நிற்கும். ஓடுகிற நாளில் 40 கிலோமீட்டர், நூறு கிலோமீட்டருக்கு 15 யூனிட் என்று வைத்தால் 6 யூனிட், சார்ஜிங்கில் போகிற சேதாரத்தையும் சேர்த்தால் 7. மூன்று நாளுக்கு 21. அதை வீட்டில் இருக்கும் நாலு நாளில் பிரித்து ஏற்றிக்கொள்ள முடியாதா? அப்புறம் மிச்சம் வரும் யூனிட்டை மின்வாரியத்துக்கு அனுப்பிவிட்டு இரவில் அதே அளவை எடுத்துக்கொள்கிறேன். கிரிட்டே என் பேட்டரி.

கம்பிக்காரன்:
இருபது வருடமாக வயரிங் வேலை, அதில் பாதி இப்போது சோலார்தான். கிரிட்டே பேட்டரி என்று சொல்பவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அனுப்பும் யூனிட்டுக்கும் எடுக்கும் யூனிட்டுக்கும் ஒரே மதிப்பு கொடுக்கும் வரைக்கும் நீங்கள் சொல்வது சரி. அந்த நிலையில் பேட்டரி போட்டால் பில்லில் ஒரு காசு மிச்சமாகாது, ஏற்றி இறக்குவதில் பத்து சதவீதத்துக்கு மேல் கரைந்து நட்டம்தான் வரும். ஆனால் அந்த விதி எத்தனை நாளைக்கு? கலிபோர்னியாவில் 2023 ஏப்ரலுக்குப் பிறகு புதிதாக இணைப்புக் கேட்டவர்களுக்கு அனுப்பும் மின்சாரத்தின் மதிப்பை ஏறக்குறைய முக்கால் பங்கு குறைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் அங்கே பேனல் போடுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் பேட்டரியோடு போடுகிறார்கள். பகலில் எல்லோர் மாடியிலும் ஒரே நேரத்தில் மின்சாரம் கொட்டும்போது வாங்குகிறவனுக்கு அது பெரிதாகத் தேவைப்படுவதில்லை, விஷயம் அவ்வளவுதான்.

அடுத்தது, மின்தடை. ஆன்கிரிட் இன்வெர்ட்டர் வெளி லைன் போனதும் தானும் நின்றுவிடும். அப்படித்தான் நிற்க வேண்டும், இல்லையென்றால் லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவர் மேல் உங்கள் மாடி மின்சாரம் பாயும். ஒரு வாடிக்கையாளர் நல்ல உச்சி வெயிலில் ஃபேன் ஓடவில்லை, நீ ஏமாற்றிவிட்டாய் என்று போனில் கத்தினார். நான் எழுதிக் கொடுத்திருந்தேன், அவர் படிக்கவில்லை. பேட்டரியும், பேனலோடு அதையும் சேர்த்துக் கையாளும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் இருந்தால்தான் வீடு தனியாகப் பிரிந்து ஓடும். கார் வாசலில் நின்றால் மட்டும் இது நடக்காது.

பழைய இன்ஜின்:
பேட்டரி வேண்டாம் என்பதில் மாடிவெயிலோடு நிற்கிறேன், கார் வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். எட்டு வருடத்தில் அந்த 50 யூனிட் பேட்டரி செத்துப் படுக்கும், அதற்குள் தீப்பிடிக்காமல் இருந்தால். போதாததற்கு அதே சரக்கை வீட்டுச் சுவரிலும் மாட்டச் சொல்கிறார்கள். சுரங்கத்தில் தோண்டி எடுப்பதற்கும் தொழிற்சாலையில் செய்வதற்கும் எவ்வளவு மின்சாரம் செலவானது என்று யாராவது கணக்குச் சொல்வீர்களா?

வேதிப்பாடம்:
சொல்கிறேன், ஆனால் இரண்டு கேள்வியையும் பிரித்துக்கொள்வோம் ஐயா. "லித்தியம் பேட்டரி" என்று ஒரே பொருள் கிடையாது. நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த என்எம்சி ஒரு ஜாதி. இரும்பு பாஸ்பேட் வைத்த எல்எஃப்பி வேறு ஜாதி. எல்எஃப்பி செல்லில் ஆக்சிஜன் பாஸ்பரசோடு இறுகப் பிணைந்திருப்பதால் சூடு ஏறினாலும் அவ்வளவு எளிதில் கழன்று வராது, அதனால் தானாகச் சூடேறி வெடிக்கும் நிலைக்குப் போவது கடினம். தீயே பிடிக்காது என்று சொல்ல மாட்டேன், சொல்கிறவரை நம்பவும் வேண்டாம். எடைக்கு எடை அதில் கொள்ளளவு குறைவு, ஆனால் சுவரில் தொங்கும் பேட்டரி ஓடப் போவதில்லையே, எடை யாருக்குக் கவலை? அதனால்தான் வீட்டுக்கு வருபவை பெரும்பாலும் இப்போது எல்எஃப்பி. அதில் கோபால்ட்டும் இல்லை, நிக்கலும் இல்லை. சில ஆயிரம் முறை ஏற்றி இறக்கலாம்.

எட்டு வருடத்தில் சாகும் என்பது கார் உத்தரவாதத்தில் இருக்கும் எண். அது இறக்கும் தேதி இல்லை. அதற்குள் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருகிறோம் என்பதுதான் பெரும்பாலான நிறுவனங்களின் வாக்கு. ஆனால் உற்பத்திச் செலவு பற்றி நீங்கள் கேட்டது நியாயம். ஒரு எலக்ட்ரிக் கார் ஷோரூமை விட்டு வெளியே வரும்போது அதே அளவு பெட்ரோல் காரை விட அதிகக் கார்பன் கடன் அதன் தலையில் இருக்கும். ஓட ஓடத்தான் அடையும், நிலக்கரி மின்சாரத்தில் மெதுவாக, வெயில் மின்சாரத்தில் சீக்கிரமாக. ஓடாமல் நின்றால் அடையாது. சுவரில் மாட்டிவிட்டு மின்தடைக்காக மட்டும் காத்திருக்கும் பேட்டரிக்கும் இதே கதைதான், அதனால் இந்த ஒரு விஷயத்தில் எனக்கும் மாடிவெயில் பக்கம்தான் சாய்வு.

பழைய இன்ஜின்:
பாதியாவது ஒத்துக்கொண்டீர்களே, போதும்.

இரவுச்சுற்று:
சரி, மாடிவெயில் கணக்குக்கே வருகிறேன், ஏனென்றால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. பகலில் மிச்சம் எல்லாம் காருக்குப் போகும் என்கிறீர்கள். கார் சார்ஜர் குறைந்தது எவ்வளவு இழுக்கும் தெரியுமா? சார்ஜிங் தரநிலைப்படி 6 ஆம்பியர்தான் அடிமட்டம், சிங்கிள் ஃபேஸில் 230 வோல்ட்டுக்கு 1.4 கிலோவாட் ஆகிறது. மிச்சம் அதற்குக் கீழே போனால் ஒன்று சார்ஜ் ஏறுவது நிற்கும், இல்லை கிரிட்டிலிருந்து இழுக்கும். மூன்று ஃபேஸ் சார்ஜர் வாங்கிவிட்டால் அடிமட்டமே 4.1 கிலோவாட். உங்கள் 5 கிலோவாட் பேனல் உச்சி வெயிலில் உண்மையில் எவ்வளவு காட்டுகிறது?

மாடிவெயில்:
4 காட்டும். நல்ல நாளில் கொஞ்சம் மேலே. இதுவரை பேனலில் தூசி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கம்பிக்காரன்:
தூசி கொஞ்சம், சூடு நிறைய. பேனலில் எழுதியிருக்கும் வாட் எல்லாம் 25 டிகிரியில் அளந்தது. வெயிலில் செல் 65 டிகிரிக்குப் போகும், ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் போல இறங்கும், அங்கேயே 14 சதவீதம் காலி. அதனால் உங்களுக்கு மூன்று ஃபேஸ் சார்ஜர் ஆகவே ஆகாது, சிங்கிள் ஃபேஸ் போதும். மெயின் லைனில் சிடி (கரண்டை அளக்கும் வளையம்) மாட்டி மிச்சத்தை அளந்து அதற்கேற்ப ஆம்பியரை ஏற்றி இறக்கும் சார்ஜராக வாங்குங்கள். மேகம் வந்து போகிற நாளில் இழுத்து விட்டு இழுத்து விட்டுத்தான் ஏறும், அது வேறு வழியில்லை. இன்னொன்று, 1.4 கிலோவாட்டில் சொட்டுச் சொட்டாக ஏற்றும்போது காருக்குள் விழித்திருக்கும் கம்ப்யூட்டரும் பம்பும் அதில் இருநூறு, முந்நூறு வாட் தின்றுவிடும். சேதாரம் கூடும்.

மாடிவெயில்:
அப்படியென்றால் இரவில் காரிலிருந்து வீட்டுக்கு எடுத்துக்கொள்வது? அதைத்தான் நான் பெரிதாக நம்பியிருந்தேன். என் காரில் 3.6 கிலோவாட் வரை வெளியே கொடுக்கும் வசதி இருக்கிறது என்றார்கள்.

இரவுச்சுற்று:
அது வேறு, நீங்கள் நினைப்பது வேறு. உங்கள் காரில் இருப்பது ஒரு பிளக் பாயின்ட். ஒரு ஃபிரிட்ஜ், நாலு லைட், லேப்டாப் என்று வயர் இழுத்துச் சொருகிக்கொள்ளலாம். வீட்டு வயரிங்கோடு கார் தானாகச் சேர்ந்து ஓட வேண்டுமென்றால் இரு பக்கமும் பாயும் சார்ஜர் வேண்டும், காரும் அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும். புதிதாக வந்ததும் இல்லை இது. ஜப்பானில் 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு, 2012லேயே நிசான் லீஃப் காரிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் கருவி விற்பனைக்கு வந்தது. ஆனால் அது சாடெமோ என்ற ஜப்பானிய சார்ஜிங் பிளக்கில். இன்றைய பிளக்குகளுக்கான இருவழித் தரம் ஐஎஸ்ஓ 15118-20 வெளியானது 2022ல்தான், அதை முழுதாகச் செயல்படுத்தும் கார்கள் இன்னும் குறைவு. பிரோஷரில் "வெளியே கொடுக்கும்" என்று ஒரு வரி இருந்தால் இரண்டில் எது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மாடிவெயில்:
அந்த பிளக் பாயின்டிலிருந்து ஒரு வயரை எடுத்து வீட்டு சாக்கெட் ஒன்றில் சொருகினால் வீடு முழுக்க வந்துவிடாதா? வீடியோ ஒன்றில் பார்த்தேன்.

கம்பிக்காரன்:
அந்த வீடியோவை எடுத்தவன் கையில் கிடைத்தால் எனக்குச் சொல்லுங்கள். இரண்டு முனையிலும் பின் வைத்த வயர் அது, ஒரு பக்கம் சொருகியதும் மறுபக்கப் பின்னில் 230 வோல்ட் நிற்கும், பிள்ளை தொட்டால் போயிற்று. மெயினை அணைக்க மறந்தால் கதை தெருக் கம்பம் வரை போகும். லைன் திரும்பி வந்தால் காரின் இன்வெர்ட்டரும் போகும். தயவுசெய்து வேண்டாம். சேஞ்ச்ஓவர் சுவிட்ச் (லைன், கார் இரண்டில் ஒன்றை மட்டும் இணைப்பது) வைத்து, முக்கியமான நாலு சர்க்யூட்டை மட்டும் தனியாகப் பிரித்து, அதற்கான இன்லெட் சாக்கெட் வழியாகக் கொடுப்பது ஒன்றுதான் சரியான வழி. அரை நாள் வேலை. நியூட்ரலும் சேர்ந்து மாறுகிற சுவிட்சாக இருக்கட்டும்.

மாடிவெயில்:
புரிந்தது, தொட மாட்டேன். வேதிப்பாடம் டீச்சர், முறையாக வயரிங் செய்து காரிலிருந்து எடுத்தால் கார் பேட்டரி சீக்கிரம் தேயுமா? வீட்டில் எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான்.

வேதிப்பாடம்:
நினைக்கும் அளவுக்கு இல்லை. இரவில் வீடு அரை கிலோவாட் இழுக்கிறது என்று வையுங்கள், 50 யூனிட் பேட்டரிக்கு அது நூறு மணி நேரத்தில் காலியாகும் வேகம். நெடுஞ்சாலையில் ஓட்டும்போது அதே பேட்டரி மூன்று மணி நேரத்தில் காலியாகும் வேகத்தில் உழைக்கிறது. அதோடு ஒப்பிட்டால் உங்கள் ஃபேனும் ஃபிரிட்ஜும் தூசு. பேட்டரியை உண்மையில் தின்பது வெயிலில் முழுச் சார்ஜில் நாள்கணக்கில் சும்மா நிறுத்தி வைப்பது, என்எம்சி என்றால் இன்னும் மோசம். ஆனால் உத்தரவாதத் தாளில் இப்படி எடுப்பதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வேதியியல் சம்மதித்தாலும் நிறுவனம் சம்மதிக்க வேண்டும்.

மாடிவெயில்:
நேற்று மீட்டர் அருகில் உட்கார்ந்து குறித்தேன். மாலை ஆறு முதல் காலை ஆறு வரை வீடு எடுப்பது 6 யூனிட், பகலில் 4. காருக்கு ஓடுகிற நாள் கணக்கில் 7 வைத்தால் மொத்தம் 17. வருவது நல்ல நாளில் 20, மழை மூடினால் 5கூட வராது. கார் வீட்டில் நிற்கும் நாளில் பகல் செலவும் காரும் போக 9 மிச்சம், அதில் 10 யூனிட் பேட்டரி நிரம்பவே நிரம்பாது. எனக்கு அந்த அளவை விற்கப் பார்த்ததே தப்பு. 5 யூனிட் பேட்டரி என்றால் யோசிக்கலாம்.

இரவுச்சுற்று:
மூன்று நாள் ஆபீஸ் என்றீர்களே, அந்த நாளில் கார் இல்லை, வீட்டில் ஆளும் இல்லை. 17, 18 யூனிட் மிச்சமாகி வெளியே போகும், 10 தாராளமாக நிரம்பும். இன்றைக்கு ஒரே மதிப்பில் வாங்குகிறார்கள் என்பதற்காக நாளைக்கும் வாங்குவார்களா?

மாடிவெயில்:
நிரம்பும், ஆனால் இரவுக்குத் தேவை 6தானே, மீதி 4 என்ன செய்யும்? காருக்கு மாற்றுவதா?

கம்பிக்காரன்:
அதை மட்டும் செய்யாதீர்கள். பேனலிலிருந்து வீட்டு பேட்டரி, அங்கிருந்து இன்வெர்ட்டர், அங்கிருந்து காரின் சார்ஜர், கடைசியில் கார் பேட்டரி. ஒவ்வொரு படியிலும் கழிவு. 10 யூனிட் கிளம்பினால் 8 போய்ச் சேர்ந்தாலே நல்ல சாமான் என்று அர்த்தம். இன்வெர்ட்டரை மட்டும் இப்போது ஹைபிரிட்டாக மாற்றுங்கள். எதிர்காலத்தில் எந்த பேட்டரி சேரும் என்ற பட்டியலைப் பார்த்து வாங்குங்கள், எல்லா பேட்டரியும் எல்லா இன்வெர்ட்டரோடும் பேசாது. பேட்டரியை ஒரு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இரவுச்சுற்று:
இரண்டு முறை ஆள் கூப்பிட்டு, இரண்டு முறை அனுமதி வாங்கி, சுவரை இரண்டு முறை துளைத்து. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். போடுவதென்றால் 5 யூனிட்டாவது இப்போதே போடுங்கள்.

பழைய இன்ஜின்:
எனக்கு ஒரு கேன் பெட்ரோல் போதும்.

மாடிவெயில்:
ஒரு வருடம் காத்திருக்கிறேன், அதற்குள் மின்தடை எத்தனை மணி நேரம் என்றும் குறித்து வைக்கிறேன். கார் வந்ததும் முதல் சில நாள் சாதாரண 16 ஆம்பியர் சாக்கெட்டிலேயே சார்ஜ் போடலாமா? வாசலில் பழைய மோட்டார் பாயின்ட் ஒன்று இருக்கிறது.

கம்பிக்காரன்:
மோட்டார் அரை மணி நேரம் ஓடும். கார் எட்டு மணி நேரம் விடாமல் இழுக்கும். பழைய சாக்கெட்டின் உள்ளே ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் பிளாஸ்டிக் உருகி மணம் வந்த பிறகுதான் தெரியும். போர்டிலிருந்து நேராகத் தனி லைன், தனி எம்சிபி (ஓவர்லோடில் அணையும் சுவிட்ச்), ஆர்சிடி (மின்கசிவில் அணையும் சுவிட்ச்) போடுங்கள். எர்த் குழி எப்போது போட்டது?

மாடிவெயில்:
வீடு கட்டும்போது. பதினாறு வருடம் இருக்கும். அதற்கப்புறம் யாரும் அதைப் பார்த்த ஞாபகம் இல்லை.

கம்பிக்காரன்:
எர்த் ரெசிஸ்டன்ஸை அளந்து எத்தனை ஓம் என்று இங்கே போடுங்கள். அது வரும் வரை காரைச் சொருக வேண்டாம்.