நாளைக்கு ஏப்ரல் 14: ஃபயர் சர்வீஸ்காரங்களோட உங்களுக்கு நடந்த அனுபவம் இருந்தா இங்க சொல்லுங்க

சாத்தூர் பொண்ணு:

வணக்கம். நாளைக்கு சித்திரை ஒண்ணு, எல்லார் வீட்லயும் மாங்கா பச்சடி, கோயில்னு இருக்கும். எங்க வீட்ல மட்டும் நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப இருந்து அன்னைக்கு காலைல அப்பா இருக்கவே மாட்டாரு. 31 வருஷம் ஃபயர் சர்வீஸ், அன்னைக்குத்தான் அவங்களுக்கு நீத்தார் நினைவு நாள், ஸ்டேஷன்ல மலர் வளையம் வச்சு மௌன அஞ்சலி செலுத்திட்டு அப்படியே தீத்தொண்டு வாரம் ஆரம்பிச்சிரும், 20ஆம் தேதி வரைக்கும் ஸ்கூல், ஆஸ்பத்திரி, மில்லுன்னு போய் டெமோ காட்டுவாங்க. தீபாவளிக்கும் அதே கதைதான், ஊரே வெடி போடுற ராத்திரி அவருக்கு லீவு கிடையாது.

ஏன் ஏப்ரல் 14னு ஒரு தடவ கேட்டேன், எனக்கு அப்ப பத்து வயசு இருக்கும். அப்பா சொன்னது இன்னும் மறக்கல. 1944, யுத்த நேரம், பம்பாய் விக்டோரியா டாக்ல ஃபோர்ட் ஸ்டிகின்னு ஒரு கப்பல் நிக்குது, உள்ள சுமார் 1,400 டன் வெடிபொருள், அதே கப்பல்ல கராச்சில ஏத்துன பஞ்சு பேல் ஆயிரக்கணக்குல. பஞ்சும் வெடிமருந்தும் ஒண்ணா! எங்க ஊருப் பக்கம் சின்னப் பிள்ளைகூட பண்ணாது அத. மத்தியானம் புகை தெரிஞ்சு பயர் பிரிகேட் போய் தண்ணி அடிக்கிறாங்க, 900 டன்னுக்கு மேல தண்ணி உள்ள போயும் அடங்கல, உள்ள இருந்த சூட்டுல அந்தத் தண்ணியே கொதிக்க ஆரம்பிச்சிருச்சாம். 3.50க்கு கப்பல விட்டு இறங்கச் சொல்லி உத்தரவு. 4.06க்கு முதல் வெடி, அரை மணி நேரத்துல இன்னொண்ணு. சிம்லால இருந்த பூகம்பக் கருவில பதிவாகுற அளவுக்கு வெடிச்சிருக்கு. நூத்துக்கணக்கான ஜனம் போச்சு, அதுல பயர் பிரிகேட்காரங்க மட்டும் 66 பேர்.

"தண்ணி அடிச்சிட்டு இருந்தவன் யாருமே வீட்டுக்குத் திரும்பலம்மா"ன்னு சொல்லிட்டு அப்பா எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. அந்த 66 பேர் கூட நின்னு தப்பிச்சவங்களும் கொஞ்சப் பேர் இருந்திருப்பாங்கன்னு பெரியவளானப்புறம் எனக்குத் தெரியும், ஆனா அப்பா சொன்ன மாதிரியேதான் மனசுல நிக்குது.

அஞ்சலிக்கு பொதுஜனம் யாரும் வர்றதில்லன்றது என்னோட ரொம்ப நாள் வருத்தம். அவங்களே அவங்களுக்கு வச்சுக்கிறாங்க. அதான் கேக்குறேன், உங்க வாழ்க்கைல இவங்கள நேர்ல பாத்த அனுபவம் ஏதாவது இருந்தா எழுதுங்க, எல்லாத்தையும் அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டுவேன்.

மாசி வீதி மணி:

அக்கா, நான் மதுரை. 2020 தீபாவளி எனக்கு இன்னும் கண்ணுல இருக்கு. விளக்குத்தூண் பக்கம் நவபத்கானா தெருவுல ஜவுளிக் கடைல தீ, பழைய கட்டடம். நான் அப்ப ரெண்டு தெரு தள்ளி ஒரு பாத்திரக் கடைல வேலை, தீபாவளி யாவாரம் முடிஞ்சு ராத்திரி லேட்டாதான் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தத் தெருவெல்லாம் உங்களுக்குத் தெரியுமான்னு தெரியல, ஆட்டோ போனாலே எதுர்ல வர்ற ஆளு சுவத்தோட ஒட்டி நிக்கணும், அதுல வண்டி எப்படி போகும். தீய அணைச்சிட்டிருக்கும்போது கட்டடம் இடிஞ்சு மேல விழுந்து ஃபயர் சர்வீஸ்காரங்க ரெண்டு பேரு போயிட்டாங்க. சிவராஜன், கிருஷ்ணமூர்த்தி. பேர நான் மறக்கக் கூடாதுன்னு கடைல இருக்குற காலண்டர்ல எழுதி வச்சேன், இப்ப ஒவ்வொரு வருஷமும் புது காலண்டர்ல தீபாவளித் தேதிக்குக் கீழ எழுதிருவேன்.

விடிஞ்சு நான் போனப்ப தெருவ மறிச்சிருந்தாங்க. திண்ணை ஓரமா ஒரு ஃபயர்மேன் உக்காந்திருந்தாரு, மூஞ்சி பூரா கரி, பக்கத்துல ஒரு பெரியவரு சொம்புல தண்ணி நீட்டுறாரு, அவரு வாங்கி கையில வச்சிட்டே இருக்காரு, குடிக்கல. எனக்கு என்ன பேசுறதுன்னே தெரியல. வீட்டுக்கு வந்தா பிள்ளைங்க கம்பி மத்தாப்பு கேக்குதுக, அன்னைக்கு நான் கொளுத்தல.

ஒரு சந்தேகம், தீ எரியும்போது இல்லாம அடங்குற நேரத்துல ஏன் இடியுது? உங்கப்பாகிட்ட கேட்டுச் சொல்ல முடியுமா.

சாத்தூர் பொண்ணு:

மணி அண்ணே, கேட்டேன். பழைய கட்டடத்துல தளம் நிக்கிறதே மர உத்தரத்து மேலதான், அது உள்ளுக்குள்ள கரியாயிட்டே இருக்கும் வெளிய தெரியாது, அதோட நம்ம அடிக்கிற தண்ணி முழுக்க ஜவுளி மூட்டைல ஊறி கனம் ஏறிரும், சுண்ணாம்புச் சுவரும் சூட்டுல விட்டுப் போயிருக்கும், அதனால தீ கொறஞ்சிருச்சுன்னு உள்ள போற நேரம்தான் ரொம்ப மோசமான நேரம்ன்றாரு. "அப்ப போகாம இருக்கலாம்ல"ன்னேன். உள்ள யாரும் இருக்காங்களான்னு தெரியாம எப்படி வெளிய நிக்கிறதுன்னு திருப்பிக் கேக்குறாரு.

சேப்பாக்கம் கலச மகால்லயும் இப்படித்தான், 2012 பொங்கல் சமயம், நடுராத்திரி தீ, கூரை விழுந்து அன்பழகன்னு ஒரு ஃபயர் சர்வீஸ்காரர் உயிர விட்டாரு, கூட இருந்த டிவிஷனல் ஆபீஸர் பிரியா ரவிச்சந்திரனுக்கு பலத்த தீக்காயம், அவங்களுக்கு அப்புறம் வீரச் செயலுக்கான அண்ணா பதக்கம் குடுத்தாங்க. அந்தக் கட்டடத்த இப்ப அழகா புதுப்பிச்சு பசுமைத் தீர்ப்பாயம் நடக்குது, அந்தப் பக்கம் போனா ஒரு நிமிஷம் நின்னுட்டுப் போங்க.

தர்மபுரி விவசாயி:

எங்க ஊர்ல தீ இல்ல, கெணறு. 60 அடி தூர் வாராத கெணத்துல பசு விழுந்திருச்சு, என் தம்பி கயித்தப் புடிச்சு எறங்கப் போனான், அப்பத்தான் வண்டி வந்துச்சு, ஒரு வயசான ஃபயர்மேன் தம்பி சட்டையப் புடிச்சு இழுத்து ஓங்கி ஒரு அறை விட்டாரு. எங்களுக்கெல்லாம் கோவம். அப்புறம்தான் சொன்னாரு, இந்த மாதிரி கெணத்துல விஷவாயு தங்கியிருக்கும், எறங்குன ஆளு மயங்குவான், அவனத் தூக்க இன்னொருத்தன் எறங்குவான், அவனும் போவான்னு. முதுகுல சிலிண்டர் மாட்டி அவங்கள்ல ஒருத்தர்தான் எறங்குனாரு. பசுவுக்கு கால் ஒடஞ்சிருச்சு ஆனா உசுரோட வந்துச்சு. தம்பிக்கு இப்ப ரெண்டு கொழந்த.

வியாசர்பாடி ரவி:

நான் எழுதலாமா வேணாமான்னு ரொம்ப நேரம் யோசிச்சேன். எனக்கு நடந்தது பெருமையான விஷயம் இல்ல.

2016ல எங்க தெரு முனைல ஒரு டிபன் கடைல கேஸ் லீக்காகி தீப்புடிச்சுது. நான் மொபைல எடுத்து வீடியோ எடுத்துட்டு முன்னாடி நின்னேன், ஒரு ஃபயர்மேன் வந்து "தள்ளிப் போடா, சிலிண்டர் உள்ள இருக்கு"ன்னு கத்துனாரு, நான் போகல, நெஞ்சுல கைய வச்சுத் தள்ளுனாரு, நானும் பதிலுக்கு அசிங்கமா திட்டினேன், "லேட்டா வந்துட்டு ரவுசு பண்றீங்களா"ன்னு கேட்டேன். எங்க தெருவுல ரெண்டு பக்கமும் பைக்கு நிக்கும், அதுல ஒண்ணு என்னுது. வண்டி லேட்டானதுக்கு நானும் ஒரு காரணம்னு அப்ப எனக்குத் தோணவே இல்ல.

அடுத்த வருஷம் ஜூலைல கொடுங்கையூர் பேக்கரி. எங்க ஏரியால இருந்து பக்கம்தான். ராத்திரி தீ, ஷட்டரத் தொறக்கும்போது உள்ள சிலிண்டர் வெடிச்சுது, ஏகராஜ்னு ஒரு ஃபயர்மேன் செத்துட்டாரு, காயம் பட்டவங்க நாப்பது பேருக்கு மேல, அதுல பாதிக்கு மேல வேடிக்கை பாக்க நின்ன ஜனம், அவங்கள்லயும் சிலர் ஆஸ்பத்திரில இறந்துட்டாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன் கை வெந்து கெடந்தான், பாக்கப் போனேன், அந்த வார்டுல நிக்கும்போது எனக்கு அந்தக் கை ஞாபகம் வந்துச்சு, என் நெஞ்சுல வச்சுத் தள்ளுன கை. அன்னைக்கு எங்க தெரு டிபன் கடைல சிலிண்டர் வெடிச்சிருந்தா முன்னாடி நின்னது நானு, எனக்கும் தீக்கும் நடுவுல நின்னது அவரு.

ஸ்டேஷனுக்குத் தேடிப் போனேன், வேற ஊருக்கு டிரான்ஸ்பர் ஆயிட்டாரு, பேரு கேட்டு வாங்க எனக்கு வாய் வரல. அக்கா, உங்கப்பாகிட்ட சொல்லுங்க, அந்த ஆளுகிட்ட கேக்க வேண்டிய மன்னிப்ப இங்க கேட்டுக்குறேன்.

மாட்டுங்கா மீனா:

நாங்க மூணு தலைமுறையா பம்பாய். பைக்குல்லா பயர் பிரிகேட் தலைமை ஆபீஸ்ல அந்த 66 பேருக்கு நினைவுச் சின்னம் இருக்கு, அதே ஏப்ரல் 14 அங்கயும் மலர் வளையம் வைப்பாங்க. என் தாத்தா டாக்ல கூலி வேலை பாத்தவரு, வெடிச்ச அன்னைக்கு வேற ஷிஃப்ட், அதனாலதான் எங்க குடும்பமே இருக்கு. வானத்துல இருந்து எரியுற பஞ்சு விழுந்துதுன்னு பாட்டி சொல்லும், நாங்க கதைன்னு நெனச்சோம், நெசந்தான்.

ஆனா இங்க 2015 மே மாசம் நடந்தத நான் சொல்லணும். கல்பாதேவில கோகுல் நிவாஸ்னு பழைய கட்டடத்துல தீ, கட்டடம் இடிஞ்சதுல போனது பயர் பிரிகேட்டோட நாலு பெரிய ஆபீஸருங்க. சீஃப் சுனில் நெஸ்ரிகர் தீக்காயத்தோட ரெண்டு வாரம் போராடிட்டு அப்புறம் போனாரு. வயர்லெஸ் வச்சுட்டு வெளிய நின்னு ஆர்டர் போட வேண்டிய ரேங்க் அவங்களுது, உள்ள நின்னாங்க. என் வீட்டுக்காரர் ஆபீஸ் அந்தப் பக்கம்தான், அந்த வாரம் பூரா வீட்ல சரியா பேசவே இல்ல.

சாத்தூர் பொண்ணு:

எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டிட்டேன். ரவி தம்பி, உங்களுத ரெண்டு தடவ வாசிக்கச் சொன்னாரு. "திட்டு வாங்குறது புதுசா, அந்தப் பையன் நல்லா இருக்கான்ல, அது போதும்னு சொல்லு"ன்னாரு. இன்னொண்ணும் சொன்னாரு, வண்டில தண்ணி தீந்துருச்சுன்னு ஜனம் கல்லெடுத்து எறிஞ்ச காலமும் உண்டாம், ஒரு வாட்டர் டெண்டர்ல பெரும்பாலும் 4,500 லிட்டர்தான், முழு வேகத்துல அடிச்சா சில நிமிஷம், அதுக்குள்ள அடுத்த வண்டி வரணும், அந்த வண்டிக்குத்தான் வழி வேணும். பைக்க எடுத்து ஓரமா வைங்க, அது போதும்ன்றாரு.

2012ல சிவகாசி பக்கம் முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிச்சப்ப அங்க போயிட்டு வந்து மூணு நாள் சாப்பிடாம இருந்த மனுஷன் இவரு, 38 பேர் செத்தாங்க அங்க, அதுல முக்காவாசி காப்பாத்த ஓடிவந்த ஊர் ஜனம். அதப் பத்தி இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்த பேசுனதில்ல. இன்னைக்கு சாயங்காலம் தர்மபுரி அண்ணன் எழுதுனத வாசிச்சப்பதான் மெதுவா "அந்த ஃபயர்மேன் மாதிரி ஒரு அறை விட அன்னைக்கு நேரமில்லாமப் போச்சு"ன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல, நானும் கேக்கல.

நாளைக்கு வர முடியுமான்னு ரெண்டு பேர் தனியா கேட்டிருந்தீங்க. பக்கத்து ஸ்டேஷனுக்கு இன்னைக்கே போன் பண்ணி எத்தன மணிக்குன்னு கேளுங்க, சந்தோஷமா வரச் சொல்லுவாங்க. ரிட்டயர் ஆகி ஆறு வருஷமாச்சு, முட்டி வலில ரெண்டு வருஷமா அப்பா போகல, நாளைக்கு நான் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன். எட்டு மணிக்குத்தான், ஆனா இப்பவே ஷூவுக்கு பாலிஷ் போட்டு வாசப்படில வச்சுட்டாரு.