ஃப்ரீலான்ஸ் தளம் தொடங்கியவர்களே, உங்கள் பணம் உண்மையில் எங்கே போனது?

கணக்கேடு:

தனித்து வேலை செய்யும் ஃப்ரீலான்சர்களையும் வேலை கொடுப்பவர்களையும் இணைத்த எங்கள் தளத்தை மூடி எட்டு மாதங்கள் ஆகின்றன. தொடங்குவதற்கு முன் தயாரித்த செலவுப் பட்டியலை நேற்று மீண்டும் திறந்து பார்த்தேன். டொமைன், ஹோஸ்டிங், வடிவமைப்பு, டெவலப்பர் சம்பளம், ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர், கூகுள் பிளேவுக்கு ஒரே ஒருமுறை 25 டாலர் எனப் பதினான்கு வரிகள் இருந்தன. அவற்றில் எதுவும் பெரிதாகப் பிசகவில்லை. பட்டியலில் இடம்பெறாத செலவுகள்தாம் எங்களைக் கவிழ்த்தன. அவற்றுள் ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் அது இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை.

ஒரு வாடிக்கையாளர் 20 டாலருக்கு லோகோ ஒன்று கேட்டார். பணம் எஸ்க்ரோவில், அதாவது வேலை முடியும்வரை தளத்தின் பிடியில் இருந்தது, வேலை முடிந்தது, அவரே ஒப்புதல் கொடுத்தார், வடிவமைப்பாளர் தம் பங்கை எடுத்துக்கொண்டார். எழுபத்தோராம் நாள் சார்ஜ்பேக் வந்தது, அதாவது வங்கி அந்தப் பணத்தை எங்களிடமிருந்து திரும்பப் பிடித்துக்கொண்டது. பணம் கட்டப் பயன்பட்ட வங்கி அட்டைக்கு உரியவர் வேறொருவராம். அந்தச் செலவைத் தாம் செய்யவே இல்லை என்று தம் வங்கியில் முறையிட்டிருந்தார். அன்று காலை டாஷ்போர்டில் எங்கள் இருப்புத் தொகைக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி நின்றதை நான் முதலில் திரைக்கோளாறு என்றே எண்ணினேன்.

கணக்கைப் பாருங்கள். 20 டாலர் வேலையில் 10 சதவீதக் கமிஷன் 2 டாலர். அட்டைக் கட்டணம் 2.9 சதவீதமும் 30 சென்ட்டும் சேர்ந்து 88 சென்ட். மீதி 1 டாலர் 12 சென்ட். சார்ஜ்பேக்கில் போனதோ 20 டாலரும், அதற்கான அபராதக் கட்டணம் 15 டாலரும். அந்த ஒரு லோகோவின் இழப்பை ஈடுகட்ட அதே அளவுள்ள வேலைகள் முப்பதுக்கு மேல் எந்தச் சிக்கலும் இன்றி முடிய வேண்டும். அந்த மாதம் இதுபோல் ஒன்பது வந்தன.

அதன் பிறகு அட்டைப் பணத்தை வாங்கி எங்களுக்குத் தரும் பேமென்ட் கேட்வே நிறுவனம் மொத்த வரவில் 10 சதவீதத்தை ஆறு மாதங்களுக்குப் பிணையாகப் பிடித்துவைக்கத் தொடங்கியது. எங்கள் கமிஷனும் அதே 10 சதவீதம். ஆக, தளம் ஈட்டியது முழுவதும் ஆறு மாதங்களுக்கு எங்கள் கைக்கே வரவில்லை. சம்பளமும் சர்வர் கட்டணமும் மட்டும் மாதம் தவறாமல் வந்தன. உங்களில் யாருக்கேனும் இப்படி நேர்ந்திருக்கிறதா?

நிரல்காவல்:

எங்களுக்கு நேர்ந்தது வேறு. ஆயத்தமாகக் கிடைக்கும் ஸ்கிரிப்ட் (தளத்துக்கான முழு நிரல்) ஒன்றை விலைக்கு வாங்கி, நிறத்தையும் பெயரையும் மாற்றித் தொடங்கினோம். புதிதாக எழுதினால் ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை என்று மகிழ்ந்திருந்தோம்.

மூன்றாம் மாதம் ஒரு ஃப்ரீலான்சர், தாம் பதிவேற்றிய அடையாள ஆவணம் தெளிவாக இல்லை என்று எழுதியிருந்தார். அதைத் திறந்து பார்த்தபோது முகவரியின் இறுதியில் 1187 என்ற எண் இருந்தது. ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை, அதை 1186 என்று மாற்றி என்டர் அழுத்தினேன். முற்றிலும் வேறொரு பெண்ணின் பாஸ்போர்ட் பக்கம் திரையில் விரிந்தது. உடனே லாக் அவுட் செய்துவிட்டு அதே முகவரியை மீண்டும் திறந்தேன். அப்போதும் விரிந்தது. அந்தக் கணம் என் கைகள் குளிர்ந்துபோனதை நான் மறக்க மாட்டேன்.

தளத்தை அன்றிரவே நிறுத்தினோம். கோப்புச் சேமிப்பு, யார் எதைப் பார்க்கலாம் என்ற அனுமதிச் சோதனை, செய்திப் பகுதி ஆகிய மூன்றையும் புதிதாக எழுதவும், வெளியார் ஒருவரைக் கொண்டு பாதுகாப்புத் தணிக்கை செய்யவும், பதிவுசெய்த அனைவருக்கும் நடந்ததை அறிவிக்கவும் ஆன செலவு ஸ்கிரிப்டின் விலையைப் போல் பல மடங்கு. அந்தப் பெண்ணுக்கு நானே தனியாகக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை.

இருகரை:

நிரல்காவல் அவர்களுக்கு நேர்ந்தது கொடுமைதான், ஆனால் ஆயத்த ஸ்கிரிப்டே தவறு என்று இதைப் படிப்பவர்கள் முடிவுசெய்துவிடக் கூடாது. தவறு, அதைச் சோதிக்காமல் மக்களின் ஆவணங்களை அதில் ஏற்றியது. நாங்களும் ஸ்கிரிப்டில்தான் தொடங்கினோம். ஆறு வாரங்களில் தளம் இயங்கியது. தொழில்நுட்பத்துக்காக நாங்கள் செலவிட்டது மொத்தச் செலவில் கால் பங்குகூட இல்லை. மீதி முழுவதும் ஆட்களைக் கொண்டுவருவதற்கே போனது, அதைப் பற்றி யாரும் எழுதாதது எனக்கு வியப்பாக இருக்கிறது.

முதல் மாதத்தில் நானூறு ஃப்ரீலான்சர்கள் பதிவுசெய்தார்கள். வந்த வேலைகள் பதினொன்று. விளம்பரத்துக்குக் கொடுத்த பணம் வேலை தேடுபவர்களை அள்ளிக்கொண்டு வந்தது, வேலை கொடுப்பவர்களைக் கொண்டுவரவில்லை. ஏனென்றால் வேலை கொடுப்பவருக்கு ஏற்கெனவே யாரேனும் ஒருவர் இருக்கிறார். ஒரு மொழிபெயர்ப்பாளர் தம் கணக்கை நீக்கும்படி எழுதிய கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பத்தொன்பது நாள்கள் தொடர்ந்து காலையில் லாகின் செய்து பார்த்ததாகவும், ஒரே ஒரு வேலைக்கு நூற்றிரண்டு பேர் விண்ணப்பித்திருந்ததைக் கண்டதாகவும், தமக்குக் கோபம் எதுவும் இல்லை என்றும் எழுதியிருந்தார். அந்தக் கடைசி வரியைப் படித்த பிறகு எனக்கு வேலை ஓடவில்லை.

ஆகவே, தொடங்க நினைப்பவர்களுக்குச் சில சொல்ல விரும்புகிறேன். இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் நிரப்ப முயலாதீர்கள். ஒரே ஒரு தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள்: வசன வரி எழுதுதல், ஆடியோ எடிட்டிங் என எதுவாயினும் சரி. அதில் முப்பது பேரை நீங்களே தேர்ந்தெடுத்து, வேலை கொடுப்பவர்களை விளம்பரத்தால் அல்லாமல் நேரில் பேசிக் கொண்டுவாருங்கள். ஃபைவர் என்ற ஃப்ரீலான்ஸ் தளம் 2010இல் தொடங்கியபோது எல்லாச் சேவைகளுக்கும் ஐந்து டாலர் என்ற ஒரே விலை வைத்ததைப் பலர் விலைக்குறைப்பு உத்தியாக மட்டும் பார்க்கிறார்கள். என் பார்வையில் அதன் பெரிய நன்மை வேறு. வாங்குபவர் வேலை விளக்கம் எழுதவும், ஏலம் கேட்கவும், நூறு விண்ணப்பங்களைப் படிக்கவும் தேவையில்லாமல் போயிற்று. இரு கரைகளில் எது வறண்டிருக்கிறதோ அந்தக் கரையின் உழைப்பைக் குறைப்பதற்கே உங்கள் பணத்தைச் செலவிடுங்கள். விளம்பரத்துக்கு ஒதுக்கியதில் பாதியை, முதல் வேலைகளை நீங்களே கொடுத்து நடத்துவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் நான்காம் மாதத்தில்தான் அதைச் செய்தோம். அதற்குள் நானூறு பேரில் முந்நூறு பேர் போய்விட்டார்கள்.

ஒருமணிநேரம்:

எஸ்எம்எஸ் கட்டணம். யாரும் இதை எழுதவில்லையே என்றுதான் எழுதுகிறேன்.

பதிவுசெய்யும்போது கைபேசிக்கு ஓடிபி அனுப்பும் வசதி வைத்திருந்தோம். ஒரு சனிக்கிழமை இரவு திடீரென்று பதிவுகள் பெருகுவதைக் கண்டு குழுவினர் அனைவருக்கும் வாழ்த்துச் சொன்னேன். ஞாயிறு காலை பதிவேட்டைத் திறந்தபோது எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையாக நின்றன: கடைசி இலக்கம் 1, 2, 3, 4 என்று ஏறிக்கொண்டே போயிற்று. ஒருவர்கூட ஓடிபியை உள்ளிடவில்லை. அந்த எண்களுக்குச் சேரும் ஒவ்வொரு செய்திக்கும் தொலைத்தொடர்புக் கட்டணத்தில் பங்கு பெறுவதற்காகவே யாரோ ஒரு நிரலை ஓடவிட்டிருந்தார்கள். மூன்று மாத சர்வர் செலவுக்கு நிகரான தொகை ஒரே இரவில் போயிற்று. எத்தனை நாடுகளுக்கு அனுப்பலாம், ஒரு மணிநேரத்தில் எத்தனை அனுப்பலாம் என்ற இரண்டு வரம்புகளை அன்று பிற்பகலே போட்டோம். அந்த வேலைக்கு ஒரு மணிநேரம்கூட ஆகவில்லை.

உடன்படிக்கை:

என் அனுபவம் சிறியது. ஃப்ரீலான்சர்களின் பணத்தை நிறுவனத்தின் சாதாரண வங்கிக் கணக்கிலேயே வைத்திருந்தோம். வங்கி விளக்கம் கேட்டது, கொடுத்தோம், கணக்கை முடக்கினார்கள். அறுபத்து மூன்று பேருக்குத் தர வேண்டிய பணம் உள்ளே இருந்தது. இருபத்தாறு நாள்கள் கழித்துத் திறந்துவிட்டார்கள்.

இதை ஒட்டி, கணக்கேடு அவர்கள் கேட்கவில்லையாயினும், சட்டச் செலவைப் பற்றி விரிவாக எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன். பிறருக்குச் சேர வேண்டிய பணத்தைக் கையில் வைத்திருந்து பின்னர் கொடுப்பது பெரும்பாலான நாடுகளில் உரிமம் தேவைப்படும் தொழில். அமெரிக்காவில் பணப் பரிமாற்ற உரிமத்தை ஏறக்குறைய மாநிலம் மாநிலமாகப் பெற வேண்டும். ஒரு சிறு தளத்தால் அது இயலாது. ஐரோப்பிய ஒன்றியத்தில், 2015இல் இயற்றப்பட்ட இரண்டாவது பணச் சேவை நெறிமுறை, வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் இடையே நின்று பணம் கையாளும் தளங்கள் முன்பு பயன்படுத்திய உரிம விலக்கைக் குறுக்கிவிட்டது. ஆகவே, ‘எஸ்க்ரோ’ என்ற சொல்லை முகப்புப் பக்கத்தில் போடுவதற்கு முன்பே வழக்கறிஞரிடம் செல்லுங்கள். சில இடங்களில் அந்தச் சொல்லுக்கே சட்டப்பொருள் உண்டு.

நடைமுறை வழி ஒன்று இருக்கிறது. சந்தைத் தளங்களுக்கென்றே உள்ள பணச் சேவையைப் பயன்படுத்தினால், வாடிக்கையாளரின் பணம் உரிமம் பெற்ற அந்த நிறுவனத்திடமே நின்று, உங்கள் கமிஷன் மட்டும் பிரிந்து உங்களுக்கு வரும். ஆள் அடையாளச் சோதனையையும் அவர்களே நடத்துவார்கள். கட்டணம் கூடுதல்தான், ஆனால் அதைத் தொடக்கச் செலவில் முதல் வரியாக எழுதுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனையாளர்களின் வருமானத்தைத் தளங்களே வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 1 ஜனவரி 2023 முதல் நடைமுறையில் உள்ளது. தனிநபர் சேவைகளும் அதில் அடங்கும். அதற்கான வரி எண்ணைப் பதிவின்போதே கேட்டு வாங்காவிட்டால் ஓராண்டுக்குப் பின் ஆயிரம் பேரைத் துரத்த வேண்டியிருக்கும். நிரல்காவல் அவர்கள் சொன்ன ஆவணக் கசிவு அங்கே நடந்திருந்தால், 2018 முதல் நடப்பில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதியின்படி, கடும் மீறலுக்கு உச்ச அபராதம் 2 கோடி யூரோ அல்லது உலகளாவிய விற்றுமுதலில் 4 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அது.

படப்பதிவு:

உடன்படிக்கை அவர்கள் சொல்வது அனைத்தும் சரி என்றாலும், எல்லோரும் இந்தப் பட்டியலோடு தொடங்கினால் ஒருவரும் தொடங்க மாட்டார்கள். முதல் ஐம்பது வேலைகளுக்கு எஸ்க்ரோவே வேண்டாம்; வாடிக்கையாளர் ஃப்ரீலான்சருக்கு நேராகக் கொடுக்கட்டும், நீங்கள் அறிமுகக் கட்டணம் மட்டும் வாங்குங்கள். தேவை இருக்கிறதா என்று தெரிவதற்கு முன்பே வழக்கறிஞருக்குப் பணம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

எங்களை வாட்டியது மணிநேரக் கணக்கில் கூலி தரும் வேலை. 2003இல் தொடங்கிய ஓடெஸ்க் என்ற தளம், ஃப்ரீலான்சரின் திரையைப் படமெடுத்து மணிநேரத்துக்குச் சான்று காட்டும் முறையால் பெயர்பெற்றது. 1999இல் தொடங்கிய ஈலான்ஸ் என்ற தளத்துடன் இணைந்து அது 2015இல் அப்வொர்க் என்று பெயர் மாறிய பின்னும் அந்த முறை தொடர்கிறது. நாங்களும் அதையே பின்பற்றி மணிக்கு ஆறு படம் எடுத்தோம். ஒரு படம் 200 கிலோபைட் என்றால், வாரம் நாற்பது மணிநேரத்துக்கு ஒருவருக்கு 48 மெகாபைட். சேமிப்புச் செலவு என்று நாங்கள் அஞ்சியது ஒன்றுமே இல்லாமல் போயிற்று.

ஒரு புதன்கிழமை ஒரு பெண் எங்களை அழைத்தார். அவருடைய திரையில் மருத்துவப் பரிசோதனை முடிவு ஒன்று திறந்திருந்தபோது படம் எடுக்கப்பட்டு, அது வாடிக்கையாளருக்குப் போய்விட்டது. “அவர் பார்த்துவிட்டாரா என்று மட்டும் சொல்லுங்கள்” என்றார். பதிவேட்டைப் பார்த்தேன், பார்த்திருந்தார். ஆமாம் என்று சொன்ன பிறகு இருவருமே சற்று நேரம் பேசவில்லை. வாடிக்கையாளரிடம் போகும் முன் ஃப்ரீலான்சரே தம் படங்களைப் பார்த்து நீக்கும் வசதியை அதன் பின்பே கட்டினோம். இத்தகைய அழைப்புகளுக்குப் பதில் சொல்ல இரண்டு பேரை முழுநேரம் அமர்த்தினோம். தொழில்நுட்பத்துக்கு ஒதுக்கியதைவிட அவர்களுக்கான சம்பளமே ஆண்டிறுதியில் பெரிய தொகையாக நின்றது.

கணக்கேடு:

படப்பதிவு அவர்களுக்கு: நேரடியாகப் பணம் கொடுக்கவிட்டால் இரண்டாம் வேலைக்கு அவர்கள் தளத்துக்கே வருவதில்லை. நாங்கள் அப்படித்தான் தொடங்கினோம். முதல் நாற்பது ஜோடிகளில் திரும்பி வந்தவை மூன்று. உடன்படிக்கை அவர்கள் கூறும் பணச் சேவையில்தான் நாங்களும் இருந்தோம், ஆனால் சார்ஜ்பேக்கின் பொறுப்பை ஒப்பந்தம் எங்கள் தலையிலேயே வைத்திருந்தது. சேர்பவர்கள் அந்தப் பிரிவைத் தேடிப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

வரைகோல்:

நான் தளம் நடத்தியவள் அல்லள். இப்படியொரு தளத்தில் இரண்டு ஆண்டுகள் வேலை செய்தவள். ஆகவே இங்கே எழுதத் தகுதி உண்டா என்று தயங்கினேன்.

அந்தத் தளம் மூடப்படுகிறது என்ற அறிவிப்பு எனக்கு வரவில்லை. ஒரு நாள் லாகின் செய்தேன். உள்ளே எல்லாம் வழக்கம்போல் இருந்தது. என் பெயர், என் படம், இருப்புத் தொகை, அதன் அருகே எப்போதும் பச்சையாக இருக்கும் ‘பணம் எடு’ என்ற பொத்தான். அது சாம்பல் நிறத்தில் இருந்தது. அழுத்தினேன், எதுவும் நடக்கவில்லை. ஆதரவுப் பிரிவுக்கு எழுதிய கடிதம் திரும்பி வந்தது. மூன்று வேலைகளுக்கான பணம் உள்ளே இருந்தது. இங்கே எழுதியுள்ள பட்டியல்களில் தளத்தை மூடும்போது ஆகும் செலவு, அதாவது எல்லோருக்கும் கொடுத்து முடிக்கும்வரை இரண்டு மூன்று மாதங்கள் சர்வரையும் ஓர் ஆளையும் வைத்திருக்க வேண்டிய செலவு, எங்கேயும் இல்லை. கணக்கேடு அவர்களே, நீங்கள் மூடியபோது அதை எப்படிச் சமாளித்தீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

பணத்தைக்கூட விட்டுவிட்டேன். என் வேலைகளைப் பற்றி வாடிக்கையாளர்கள் எழுதிய இருபத்தாறு மதிப்புரைகள் அந்தப் பக்கத்தில் இருந்தன. வாரம் ஒருமுறை சென்று பார்ப்பேன். ஐந்தாம் வாரம் ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று போனபோது டொமைன் காலாவதியாகி, அந்த முகவரியில் வேறு யாருடைய விளம்பரமோ ஓடிக்கொண்டிருந்தது.