ஆம்ப் கெப்பாசிட்டர் மாத்தணும், 35 வோல்ட் போதுமா?

கேள்வி: எல்எம்3886 சிப் வச்சு நானே கட்டின ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்). எட்டு வருஷம் நல்லா ஓடிச்சு. இப்போ பாட்டே போடாதபோதும் ரெண்டு ஸ்பீக்கரும் ‘ம்ம்ம்’னு உறுமுது. திறந்து பார்த்தா 4700 மைக்ரோஃபாரட், 35 வோல்ட் கெப்பாசிட்டர் ரெண்டும் தலை உப்பி நிக்குது. டிரான்ஸ்பார்மர் 24-0-24. அதையே வாங்கவா? இல்ல 22,000 போட்டா பேஸ் தூக்குமா?

பதில் 1: 35 வேண்டாம் சார், உப்பினதே அதனாலதான் இருக்கும். ஏசி 24 டிசியா மாறினா எவ்வளவுன்னு பார்க்க 1.414ஆல பெருக்குங்க, 34 வந்துடுது. லோடு இல்லாதப்போ டிரான்ஸ்பார்மர் இன்னும் கொஞ்சம் ஏத்திக் கொடுக்கும். 50 வோல்ட், 105 டிகிரி சூடு தாங்குறதா வாங்குங்க. 10,000 தாராளம்: 50 ஹெர்ட்ஸ் கரண்ட்ல 2 ஆம்பியர் இழுத்தாலும் ரிப்பிள் (டிசில மிஞ்சுற ஏத்த இறக்கம்) 2 வோல்ட் சுமார்தான். 4700ல 4ஐத் தாண்டும். 22,000 போட்டா ஆன் பண்ற நொடியில பிரிட்ஜுக்கும் (ஏசியை டிசியா மாத்துற டயோடு செட்) ஃபியூஸுக்கும்தான் அடி.

பதில் 2: கெப்பாசிட்டரோட ரெண்டு காலுக்கும் நடுவுல உள்ள இடைவெளிய ஸ்கேல் வச்சு அளந்துட்டு வாங்குங்க. நான் அளக்காம வாங்கி, காலை வளைச்சு வளைச்சு ஒண்ணை முறிச்சேன். பழசைக் கழட்டுமுன்ன 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை அரை நிமிஷம் அதோட ரெண்டு காலுக்கும் குறுக்கே பிடிங்க, உள்ளே தேங்கின சார்ஜ் இறங்கிடும். ஸ்க்ரூடிரைவரால ஷார்ட் பண்ற வித்தை வேண்டாம்.

கேட்டவர்: 50 வோல்ட், 10,000 போட்டாச்சு. உறுமல் போயே போச்சு. உயரம் கூடிட்டதால பெட்டி மூடிதான் உட்கார மாட்டேங்குது.