தினமும் ஓடுவதா, ஒருநாள் விட்டு ஒருநாளா?

ரேஸ்கோர்ஸ்_சுற்று:
வயசு 36. கோவை ரேஸ்கோர்ஸில் ரெண்டு வருஷமா காலையில் நடக்கிறேன். ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர். போன மாசம் ஓட ஆரம்பிச்சேன். தினமும் ஒரு சுற்று, நிக்காம. மூணாவது வாரத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே, முன் எலும்போட உள்பக்க ஓரத்தில் வலி. ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடச் சொல்றாங்க. ஆனா இடைவெளி விட்டா பழக்கமே போயிடுமோன்னு பயம். முன்னாடி ரெண்டு தடவை அப்படித்தான் நின்னுபோச்சு.

அதிகாலை_நாலரை:
தினமும் போங்க மேடம். நானும் முதல்ல வாரத்துக்கு மூணு நாள்னுதான் வெச்சிருந்தேன். படுக்கையில் கண்ணைத் திறந்ததும் "இன்னிக்கா, நாளைக்கா" என்று மனசு பேரம் பேசும். தினமும்னு முடிவு பண்ணின பிறகுதான் அந்தப் பேரம் நின்னுச்சு. ஒரு பழக்கம் படிய சராசரியா 66 நாள் ஆகும்னு லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வு 2009-லேயே சொல்லியிருக்கு. அதுவரைக்கும் சங்கிலியை அறுக்காதீங்க.

கெண்டைக்கால்:
அதே ஆய்வை முழுசாப் படிங்க சார். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது. நடுவில் ஒருநாள் விட்டுப்போனதால பழக்கம் படியறது பெரிசா பாதிக்கலைன்னும் அதிலேயே இருக்கு. அவங்க பயத்துக்கு நேரடியான பதில் அதுதான்.

நான் கவலைப்படறது எலும்பைப் பத்தி. புதுசா ஓடுறவங்களுக்கு மூச்சு சில வாரத்தில் பழகிடும். "இன்னும் ஓடலாம்"னு தோணும். எலும்பு அப்படி இல்லை. புது பாரம் விழுந்தா முதல்ல பழைய பகுதியைக் கரைச்சுட்டு, அப்புறம்தான் புதுசைக் கட்டும். அதுக்கு மாசக்கணக்காகும். இடைப்பட்ட காலத்தில் அந்த இடம் பலவீனமா இருக்கும். அப்போ தினமும் தார் ரோட்டில் இடிச்சா என்ன ஆகும்? எனக்கு ஆனது கீறல் முறிவு. ஏழு வாரம் ஓட்டமே கிடையாது.

ரேஸ்கோர்ஸ்_சுற்று, வலிக்கிற இடத்தை விரலால் அழுத்திப் பாருங்க. நாலஞ்சு விரல்கடை நீளத்துக்குப் பரவலா வலிச்சா தசையும் எலும்புறையும் நொந்திருக்கலாம். ஒரே புள்ளியில் சுருக்குன்னு குத்தினா, இல்ல ராத்திரி சும்மா படுத்திருக்கும்போதே வலிச்சா, ஓட்டத்தை நிறுத்திட்டு எலும்பு டாக்டரைப் பாருங்க. தள்ளிப் போடாதீங்க.

அதிகாலை_நாலரை:
வலியோட ஓடச் சொல்லலை. ஆனா ஓய்வு நாள்னு ஒண்ணு வந்தா புது ஆள் வீட்டை விட்டே கிளம்ப மாட்டார், அதுதான் என் அனுபவம். எலும்பு ஆறிடும், விட்ட பழக்கம் திரும்ப வராது. ரெண்டு தடவை விட்டவங்க இவங்க, அதை மறந்துடாதீங்க.

கெண்டைக்கால்:
சரி, ஓடாத நாளிலும் அதே நேரத்துக்கு அதே ஷூவை மாட்டிட்டுக் கிளம்பட்டும். ரேஸ்கோர்ஸை ஒரு சுற்று நடந்துட்டு வரட்டும், வலி அதிகமாகாத வரைக்கும். உங்க சங்கிலியும் அறாது, எலும்புக்கும் 48 மணி நேரம் கிடைக்கும்.

இருபத்தொண்ணு_கிமீ:
ஓடிட்டிருக்கும்போதே நடுவுல நடந்தா அது ஓட்டப் பயிற்சியே இல்லை. நிக்காம ஓடிப் பழகினாத்தான் மனசு திடமாகும்.

கெண்டைக்கால்:
இதை நான் ஒத்துக்கவே மாட்டேன். ஓட்டத்துக்கு நடுவுல நடக்கச் சொல்லிக் கொடுத்த ஜெஃப் காலவே, 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடினவர். ஓட முடியாதவர் கண்டுபிடிச்ச சாக்கு இல்லை அது. ரெண்டு நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நடை. மூச்சு வாங்கி நிக்கிறதுக்கு முன்னாடியே நடக்கணும், அதுதான் விஷயம். ஓடும்போது பக்கத்தில் வர்றவங்ககிட்ட முழு வாக்கியமா பேச வரலைன்னா வேகம் ஜாஸ்தி. திடம் வேணும்னா, வேகமாப் போற ஆளைத் துரத்தாம மெதுவா ஓடிப் பாருங்க. அதுக்குத்தான் நிறையத் திடம் வேணும்.

இருபத்தொண்ணு_கிமீ:
பேச்சுக் கணக்கை ஏத்துக்கறேன். நடை விஷயத்தில் என் கருத்து மாறலை.

ரேஸ்கோர்ஸ்_சுற்று:
அழுத்திப் பார்த்தேன். ஒரே புள்ளியில் இல்லை, நீளமா வலிக்குது. ராத்திரி வலி இல்லை. வலி அடங்கற வரைக்கும் ஓடப் போறதில்லை, ஆனா நாளைக்கும் அஞ்சே காலுக்கு ஷூ மாட்டிடுவேன், நடைக்கு. அதுக்கப்புறம் செவ்வாய், வியாழன், ஞாயிறு மட்டும் ரெண்டுக்கு ஒண்ணு கணக்கில் ஓட்டம். வலி கூடினா டாக்டர்கிட்ட போறேன்.