ஜப்பானின் கோடைத் திருவிழாக்கள்: முதியவரையும் குழந்தையையும் அழைத்துச் செல்ல எப்படித் திட்டமிடுவது?

நெய்தல்

வணக்கம். வரும் கோடையில் ஜூலை 20 முதல் ஆகஸ்ட் 10 வரையிலான நாட்களுக்குள் ஜப்பான் சென்றுவர எண்ணியிருக்கிறோம். நான், என் கணவர், பத்து வயது மகள், அறுபத்தெட்டு வயது மாமியார் என நால்வர் செல்கிறோம். மகளின் பள்ளி விடுமுறை அப்போதுதான் வருகிறது என்பதால் மாதத்தை மாற்ற வழியில்லை.

என் மாமியார் தேர் ஓடும் ஊரில் பிறந்து வளர்ந்தவர். கியோட்டோவில் மரச் சக்கரம் பூட்டிய பெரிய தேர்களை வடம் பிடித்து இழுக்கிறார்கள் என்பதைத் தொலைக்காட்சியில் பார்த்த நாளிலிருந்து, அதை ஒரு முறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று சொல்லி வருகிறார். ஆனால் முழங்கால் வலியால் அவரால் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்க முடியாது. வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்க்காத சைவ உணவு மட்டுமே உண்பார்.

தோக்கியோ, கியோட்டோ, ஒசாகா, ஹிரோஷிமா, ஆவோமோரி, சப்போரோ என்று ஆறு நகரங்களைப் பதினெட்டு நாட்களில் பார்ப்பதாக ஒரு வரைவு வைத்திருக்கிறேன். இந்த வரைவு சரியாக வருமா? எந்தத் திருவிழாக்களைத் தேர்ந்தெடுப்பது? வெயிலையும் உணவையும் எப்படிச் சமாளிப்பது? நேரில் சென்று வந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கன்சாய்வாசி

வணக்கம். ஒசாகாவில் ஒன்பது கோடைகளைக் கழித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் பட்டியலில் இரண்டு நகரங்களையாவது எடுத்துவிடுங்கள் என்பதே நான் முதலில் சொல்ல வேண்டியது. ஹிரோஷிமாவும் சப்போரோவும் எதிரெதிர்த் திசைகளில் இருக்கின்றன. நீங்கள் போகும் நாட்களில் உங்கள் திருவிழாப் பாதையில் அவை இரண்டும் வரவில்லை. இந்தப் பயணத்துக்குத் திருவிழாத் தேதிகளே முதுகெலும்பாக இருக்கட்டும். அந்தத் தேதிகள் தாமாகவே தெற்கிலிருந்து வடக்கே, வெப்பத்திலிருந்து சற்றுக் குளிர்ச்சியை நோக்கி உங்களை அழைத்துச் செல்லும்.

மாமியார் பார்க்க விரும்புவது கியோன் மத்சுரி. கி.பி. 869இல் கொள்ளை நோய் பரவியபோது அதைத் தணிக்க வேண்டிச் செய்த வழிபாட்டிலிருந்து வளர்ந்த விழா அது. யாசாக்கா ஆலயத்துக்கு உரியது. ஜூலை மாதம் முழுவதும் நடந்தாலும் தேரோட்டம் இரண்டு நாட்களில்தான்: 17ஆம் தேதி 23 தேர்களும், 24ஆம் தேதி 11 தேர்களும் வலம் வரும். 1966 முதல் இரண்டையும் ஒன்றாகவே நடத்திவந்து, 2014இல்தான் பழையபடி பிரித்தார்கள். 1864ஆம் ஆண்டுத் தீயில் அழிந்துபோன ஓஃபுனே ஹோக்கோ என்னும் கப்பல் வடிவத் தேரும் அதே ஆண்டில் மறுபடி வீதிக்கு வந்தது. 24ஆம் தேதி ஊர்வலத்தில் அதைக் காணலாம். நீங்கள் 20ஆம் தேதிக்குப் பிறகு வருவதால் முதல் தேரோட்டம் தவறிவிடும். அதற்காக வருந்த வேண்டாம். 17ஆம் தேதிக்குக் கூடும் கூட்டத்தோடு ஒப்பிட்டால் 24ஆம் தேதி நிதானமானது. முழங்கால் வலி உள்ளவருக்கு நான் அந்த நாளையே சொல்வேன்.

தேர் மூலை திரும்புவதை மட்டும் தவறவிடாதீர்கள். அந்தச் சக்கரங்களைத் திசை திருப்ப முடியாது என்பதால், பிளந்த பச்சை மூங்கில்களை வீதியில் பரப்பித் தண்ணீர் தெளித்து, சக்கரங்களை அவற்றின் மேல் ஏற்றி, மேலே நிற்பவர்கள் விசிறியை வீசிக் குரல் கொடுத்ததும் அத்தனை பேரும் பக்கவாட்டில் வடம் இழுக்கிறார்கள். பத்து டன்னுக்கு மேல் எடையுள்ள தேர் வழுக்கித் திரும்பும்போது மூங்கில் நெரியும் ஓசை எதிர்ச்சாரிவரை கேட்கும். முட்டுக்கட்டை போட்டுத் தேர் திருப்புவதைப் பார்த்து வளர்ந்தவர், அந்த நொடியில் எழுந்து நின்றுவிடுவார் என்றே நினைக்கிறேன். தேர்களைச் சுற்றித் தொங்கும் திரைகளையும் கவனிக்கச் சொல்லுங்கள். பாரசீகம், பெல்ஜியம், இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் போய்ச் சேர்ந்த கம்பளங்களும் துணிகளும் அவற்றில் உண்டு.

இனி வெயில். கியோட்டோ மூன்று பக்கமும் மலை சூழ்ந்த பள்ளத்தில் இருப்பதால் காற்று அசையாது. ஆகஸ்ட் மாதத்தின் சராசரி உச்ச வெப்பநிலையே 33 டிகிரிக்கு மேல். 35ஐத் தாண்டும் நாட்கள் இப்போது வழக்கமாகிவிட்டன. 2025 ஆகஸ்ட் 5 அன்று தோக்கியோவுக்கு வடக்கே உள்ள இசெசாக்கியில் 41.8 டிகிரி பதிவாகி, அந்நாட்டின் உச்ச அளவாக நிலைத்தது. நம் ஊர் வெயில் பழகியவர்கள்தானே என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு முறை என் தந்தையை 17ஆம் தேதி ஊர்வலத்துக்கு அழைத்துச் சென்று, கட்டண இருக்கையில் அமர்த்தினேன். இருக்கை கிடைத்த மகிழ்ச்சியில் நிழலைப் பற்றி யோசிக்கவே இல்லை. பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும் என்பதால் அங்கே குடை விரிக்க முடியாது. இரண்டு மணி நேரத்தில் அவர் முகம் வெளிறிக் கைகள் நடுங்கத் தொடங்கின. பக்கத்து இருக்கைப் பெண்மணி ஒருவர் உப்பு மிட்டாயும் ஈரத் துணியும் கொடுத்து, பிடரியில் வைக்கச் சொல்லிக் காட்டினார். அன்று முதல் நான் யாருக்கும் இருக்கையின் விலையைச் சொல்வதற்கு முன் நிழல் எந்தப் பக்கம் விழும் என்பதையே சொல்கிறேன். 24ஆம் தேதி ஊர்வலம் காலை 9.30க்கு கராசுமா ஓய்க்கே சந்திப்பில் தொடங்குகிறது. அதற்குச் சற்றுத் தொலைவில், கட்டட நிழல் விழும் ஓரத்தில், மடக்கு நாற்காலியோடு ஒரு மணி நேரம் இருந்து பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பிவிடுங்கள். 21 முதல் 23 வரையிலான மாலைகளில் தேர்கள் விளக்கேற்றித் தெருக்களிலேயே நிற்கும். மாமியாரால் அவற்றை அருகில் சென்று ஆற அமரப் பார்க்க முடிவது அப்போதுதான்.

மறுநாள் 25ஆம் தேதி ஒசாகாவில் தென்ஜின் மத்சுரி. மாலையில் ஓக்காவா ஆற்றில் ஏறக்குறைய நூறு படகுகள் செல்லும், இருட்டியதும் வாணவேடிக்கை. மிகுந்த நெரிசல். மாமியாருக்கு ஆற்றங்கரையில் இருக்கை கிடைத்தால் செல்லுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடலாம்.

அதற்குப் பிறகு இரண்டு இரவுகள் கோயாசானுக்குப் போங்கள் என்று வற்புறுத்துவேன். ஒசாகாவின் நம்பா நிலையத்திலிருந்து ரயிலிலும் பிறகு மலை ரயிலிலுமாக இரண்டு மணி நேரத்துக்குள் ஏறிவிடலாம். சுமார் 800 மீட்டர் உயரம் என்பதால் மாலையில் மெல்லிய போர்வை தேவைப்படும். 816இல் கூக்காய் துறவிக்கு அளிக்கப்பட்ட அந்த மலையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கோயில்கள் பயணிகளைத் தங்கவைக்கின்றன. அங்கே பரிமாறும் ஷோஜின் ரியோரி என்னும் துறவியர் உணவில் இறைச்சி, மீன், முட்டை மட்டுமல்லாமல் வெங்காயமும் பூண்டும்கூட இல்லை. சாற்றை கொம்பு என்னும் கடற்பாசியிலும் உலர்ந்த காளானிலும் எடுக்கிறார்கள். எள்ளை அரைத்துக் கிழங்கு மாவோடு கிளறி இறக்கும் கோமாதோஃபுவை மாமியார் முதல் வாயிலேயே அடையாளம் கண்டுகொள்வார்; உப்புக் குறைந்த எள் கஞ்சி கெட்டிப்பட்டதுபோல இருக்கும். தரையில் அமர வேண்டியிருக்கும் என்பதால், தாழ்வான நாற்காலி உண்டா, கட்டில் உள்ள அறை கிடைக்குமா என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.

மற்ற ஊர்களில் உணவுதான் உங்களுக்கு மிகப் பெரிய சவாலாக இருக்கும். காய்கறி மட்டுமே மிதக்கும் மிசோ சூப்பிலும், சோபா நூடுல்ஸுடன் வரும் குழம்பிலும், தெம்புராவைத் தொட்டுக்கொள்ளும் சாற்றிலும் கத்சுவோ என்னும் உலர்மீனின் சாறு கலந்திருப்பதே வழக்கம். ‘மீன் இல்லை’ என்று பரிமாறுபவர் உறுதி சொன்னாலும், அவர் கண்ணுக்குத் தெரியும் மீன் துண்டையே கருதுகிறார். ‘மீன் சாறும் கூடாது’ என்பதை ஜப்பானிய மொழியில் எழுதிய அட்டை ஒன்றை வைத்துக்கொள்வதும், சமையலறை உள்ள அடுக்கக அறையை எடுத்து அரிசி, தயிர், காய்கறி வாங்கிச் சமைப்பதும் நடைமுறைக்கு ஒத்த வழிகள்.

இருப்புப்பாதை

தங்குமிடம், ரயில் இரண்டையும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வடக்கே மூன்று விழாக்கள்: விளக்குத் தேர்கள் வலம் வரும் ஆவோமோரி நெபுதா ஆகஸ்ட் 2 முதல் 7 வரை, விளக்குகள் கட்டிய மூங்கிலைத் தாங்கும் அகிடா காந்தோ 3 முதல் 6 வரை, காகித அலங்காரங்களுக்குப் பெயர்பெற்ற செண்டாய் தனபாதா 6 முதல் 8 வரை நடைபெறும். கிழமை எதுவானாலும் இந்தத் தேதிகள் மாறுவதில்லை. அதனால் அறைகளும் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடுகின்றன. ஆவோமோரியில் கிடைக்காவிட்டால் ஹிரோசாகியில் தேடுங்கள். ரயிலில் முக்கால் மணி நேரத் தொலைவு. அங்கும் ஆகஸ்ட் 1 முதல் 7 வரை நெப்புதா என்ற பெயரிலேயே ஒரு விழா உண்டு. விசிறி வடிவ விளக்குத் தேர்களின் முன்புறம் வீரர்களும் பின்புறம் சோக முகம் கொண்ட பெண்களும் தீட்டப்பட்டிருப்பார்கள். ஆவோமோரியின் ஆரவாரம் இல்லாத, மனத்தைத் தொடும் விழா. ஹிரோசாகியில் தங்குவதானால் இரவுக் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தோக்கியோவிலிருந்து ஷின் ஆவோமோரி நிலையத்துக்கு ஹயபுசா என்னும் அதிவேக ரயில் மூன்றே கால் மணி நேரத்தில் சென்றுவிடும். அதில் எல்லா இருக்கைகளும் முன்பதிவுக்கு உரியவை. பயண நாளுக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, ஜப்பான் நேரம் காலை 10 மணிக்கு முன்பதிவு தொடங்கும். இந்திய நேரப்படி அது காலை 6.30. நாடு முழுவதற்குமான ஏழு நாள் ரயில் பாஸ் 2023 அக்டோபரில் 50,000 யென்னாக உயர்ந்துவிட்டதால், உங்கள் பாதைக்கு அது கட்டுப்படியாகுமா என்று தனித்தனிச் சீட்டின் விலையைக் கூட்டிப் பார்த்து முடிவெடுங்கள்.

பெரிய பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏற வேண்டாம். விடுதியின் வரவேற்பில் கொடுத்தால், தக்யூபின் என்னும் சுமை அனுப்பும் சேவை பெரும்பாலும் மறுநாளே அடுத்த விடுதியில் சேர்த்துவிடும். முழங்கால் வலி உள்ளவரோடு செல்லும்போது, உங்கள் இரண்டு கைகளும் அவருக்காகக் காலியாக இருக்க வேண்டும்.

மலைச்சாரல்

மேலே இருவரும் சொன்னவற்றில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். தெற்கே இரண்டு விழா, வடக்கே மூன்று விழா என்றால் அறுபத்தெட்டு வயதில் அது அதிகம். நாங்கள் வடக்கின் மூன்றையும் நான்கு நாட்களில் பார்த்தோம். ஒவ்வொரு நாளும் அறை மாறியதால், மூன்றாம் நாள் செண்டாயில் என் மனைவியின் தாயார் விடுதியை விட்டு வெளியே வரவே மறுத்துவிட்டார். அவர் மிகவும் விரும்பி வந்தது அந்த விழாவுக்குத்தான்.

அதனால் அகிடாவை விட்டுவிடுங்கள் என்கிறேன். பன்னிரண்டு மீட்டர் மூங்கிலில் 46 காகித விளக்குகளைக் கட்டி, ஏறத்தாழ ஐம்பது கிலோ எடையை ஒருவர் உள்ளங்கையிலும் நெற்றியிலும் இடுப்பிலும் மாறி மாறித் தாங்குவது காணக் கிடைக்காத காட்சிதான். இருந்தாலும், ஆவோமோரியில் மூன்று இரவு, செண்டாயில் மூன்று இரவு என்று நிதானமாக இருப்பதே உங்களுக்குப் பொருந்தும். செண்டாயின் தனபாதா அலங்காரங்கள் கூரை வேய்ந்த கடைவீதிகளில் தொங்குகின்றன. வெயிலோ மழையோ படாமல், வண்ணக் காகிதச் சரங்கள் தோளை உரச நடக்கலாம். அவித்த பச்சை சோயாவைச் சர்க்கரை சேர்த்து மசித்து அரிசி உருண்டையின் மேல் பூசிய ஜுண்டா மோச்சி அந்த ஊர்த் தின்பண்டம். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்திருந்தது.

ஆவோமோரியில் ஆகஸ்ட் மாதச் சராசரி உச்ச வெப்பநிலை 28 டிகிரிக்குள்தான் என்பதால் மாமியாருக்கும் மூச்சு விட முடியும். செண்டாயிலிருந்து 9ஆம் தேதிக்குள் கிளம்பிவிடுங்கள். 11ஆம் தேதி மலை நாள் விடுமுறை. அதையொட்டி முன்னோரை நினைவுகூரும் ஓபோன் நாட்கள் தொடங்கி, நாடே சொந்த ஊருக்குப் புறப்படும்.

நெய்தல்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஹிரோஷிமா, சப்போரோ, அகிடா மூன்றையும் நீக்கிவிட்டேன். ஜூலை 22 முதல் 25 வரை கியோட்டோ, அடுத்து கோயாசானில் இரண்டு இரவு, தோக்கியோவில் நான்கு நாள் ஓய்வோடு கலந்த சுற்றல், ஆகஸ்ட் 1 முதல் 4 வரை ஆவோமோரி, பிறகு வழியில் மொரியோக்காவில் ஓர் இரவு, 5 முதல் 8 வரை செண்டாய் என்று மாற்றியிருக்கிறேன். தென்ஜின் விழாவை விட்டுவிடுகிறோம். கோயாசான் உணவைப் பற்றிப் படித்துக் காட்டியதும் மாமியார், வெளிநாட்டில் தன் உணவுக்காகப் பிறரைத் தொந்தரவு செய்ய வேண்டியிருக்குமே என்று இத்தனை நாள் தயங்கியதாகச் சொன்னார். அதை அவர் இதுவரை எங்களிடம் சொன்னதே இல்லை.

ஒரே ஓர் ஐயம் மீதி. நெபுதாவில் வெளியூரார்கூட ஆடலாமாமே? மகள் ஆட வேண்டும் என்கிறாள். மாமியாரோ உட்கார்ந்திருக்க வேண்டும். இருவரையும் எப்படி ஒரே மாலையில் கவனிப்பது?

மலைச்சாரல்

ஆடலாம். ஹனேதோ என்னும் அந்த ஆட்டக்காரர்களுக்குரிய உடையை முறையாக அணிந்திருந்தால் யாரும் சேர்ந்துகொள்ளலாம். உடை ஊரிலேயே வாடகைக்குக் கிடைக்கும், அணிவித்தும் விடுவார்கள். ஆகஸ்ட் 2, 3 தேதிகளில் சிறுவர்கள் இழுக்கும் சிறிய நெபுதாக்களும் வருவதால் உங்கள் மகளுக்கு அந்த மாலைகளே ஏற்றவை. ‘ரஸ்ஸேரா’ என்று குரல் கொடுத்து ஒவ்வொரு காலிலும் இரண்டு முறை குதிப்பதுதான் ஆட்டம். ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். உடையில் கோத்த சிறு மணிகள் குதிக்கும்போது உதிரும். அவற்றைப் பொறுக்கி எடுப்பது நற்பேறு என்பார்கள்; மகளுக்கு ஒரு சிறிய பை கொடுத்து அனுப்புங்கள்.

விளக்குத் தேர்கள் ஒரே நேரத்தில் ஒரு சுற்றுப் பாதையில் நகரத் தொடங்குவதால், எந்த இடத்தில் அமர்ந்தாலும் அவற்றைப் பார்க்கலாம். மாமியாருக்குக் கட்டண இருக்கை ஒன்று எடுத்து, கணவர் அவருடன் இருக்கட்டும். நீங்களும் உடை அணிந்து மகளுடன் ஆடுங்கள். இருக்கை எந்தக் கட்டடத்துக்கு எதிரே என்பதைப் பகலிலேயே போய்ப் பார்த்து மகளுக்குக் காட்டி வையுங்கள். ஒன்பது மீட்டர் அகல விளக்கு பின்னால் எரிந்துகொண்டிருக்கும்போது, ஓரத்தில் அமர்ந்திருப்பவரின் முகம் அவளுக்கு எளிதில் தெரியாது.